துள்ளலான பாட்டு காலையில் எரிச்சலூட்டுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது முப்பத்தைந்து. காலையில் கண் விழிக்கும்போதே மனம் கனத்துக் கிடக்கிறது. இன்ன காரணம் என்று சொல்லத் தெரியவில்லை. இசையோடு நாளைத் தொடங்கினால் மனம் தெளியும் என்று படித்துவிட்டு, எனக்கு மிகவும் பிடித்த துள்ளலான பாட்டையே அலாரமாக வைத்தேன். எழுந்த பிறகும் அதே வகைப் பாட்டுகள் உள்ள பிளேலிஸ்ட்டை ஓடவிட்டேன். தொடக்கத்தில் நன்றாகத்தான் இருந்தது. இப்போதோ அந்தப் பாட்டின் முன்னிசை தொடங்கியதுமே எரிச்சல் மண்டுகிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே “மகிழ்ச்சி வந்துவிட்டதா” என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். சில நாள்களில் சோகப் பாட்டு கேட்கத்தான் தோன்றுகிறது. காலையிலேயே அப்படிக் கேட்பது கெடுதலா? என் கணவருக்கோ காலையில் எந்தச் சத்தமும் ஆகாது. இந்தப் பழக்கத்தைத் தொடர்வதா, விட்டுவிடுவதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிட வேண்டாம். ஆனால், இப்போது செய்துவரும் முறையிலேயே தொடரவும் வேண்டாம். உங்களுக்கு நேர்ந்திருப்பது இசையின் தோல்வியும் அல்ல, உங்கள் மனத்தின் கோளாறும் அல்ல. வேகமான பாட்டு எதைச் செய்யுமோ அதைத்தான் செய்திருக்கிறது. நீங்கள் எதிர்பார்த்தது வேறொன்று.

மனநிலை என்று நாம் ஒரே சொல்லில் குறிப்பிடுவதை உளவியலில் இரண்டு கூறுகளாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். ஒன்று, உடலும் மனமும் எவ்வளவு கிளர்ந்திருக்கின்றன என்பது. மற்றொன்று, அந்த நிலை நமக்கு இனிமையாக இருக்கிறதா, கசப்பாக இருக்கிறதா என்பது. ஜேம்ஸ் ரஸ்ஸல் என்னும் உளவியலாளர் 1980-இல் இந்த இரண்டையும் குறுக்கும் நெடுக்குமான இரு அச்சுகளாக வைத்து, உணர்வுகள் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பரப்பில் ஓரிடம் குறித்தார். கிளர்ச்சி மிகுந்து இனிமையும் சேர்ந்தால் அது உற்சாகம். கிளர்ச்சி குறைந்து இனிமையாக இருந்தால் நிம்மதி. கிளர்ச்சி குறைந்து கசப்பாக இருந்தால் சோர்வு. கிளர்ச்சி மிகுந்து கசப்பாக இருந்தால் எரிச்சல், பதற்றம், கோபம். நீங்கள் கண் விழிக்கும் இடம் மூன்றாவது. நீங்கள் போக விரும்புவது முதலாவது. இடையில் என்ன நடக்கிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கான விடை.

இசையின் வேகம் முதலில் தொடுவது கிளர்ச்சியைத்தான். இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூச்சியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 24 பேரை வெவ்வேறு வகை இசையைக் கேட்கச் செய்து, அவர்களுடைய மூச்சு, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்தார்கள். வேகமான இசையின்போது இவை மூன்றும் உயர்ந்தன. இசை எந்தப் பாணியைச் சேர்ந்தது, கேட்பவருக்கு அது பிடிக்குமா என்பவற்றைவிட, அதன் வேகமே இந்த மாற்றத்தைப் பெரிதும் தீர்மானித்தது. அதாவது, பிடித்த பாட்டோ பிடிக்காத பாட்டோ, வேகமாக இருந்தால் உடல் முடுக்கப்பட்டுவிடுகிறது. இனிமை அப்படித் தானாக வருவதில்லை. பாட்டோடு உங்களுக்குள்ள உறவு, அதில் படிந்திருக்கும் நினைவுகள், அந்த வேளையில் மனம் இருக்கும் நிலை என்று பலவும் கூடி வந்தால்தான் அது வரும்.

ஆகவே, மனம் கனத்துக் கிடக்கும் நேரத்தில் நிமிடத்துக்கு 130 தட்டுகள் உள்ள பாட்டை ஒலிக்கவிட்டால், கசப்பு கசப்பாகவே இருக்க, கிளர்ச்சி மட்டும் ஏறிவிடுகிறது. சோர்விலிருந்து நீங்கள் உற்சாகத்துக்குப் போகவில்லை, எரிச்சலுக்குப் போய்விட்டீர்கள். தொடக்கத்தில் சில நாள் அது பலித்ததற்குக் காரணம் புதுமையும் பாட்டின் மீதிருந்த பழைய பிரியமும்தான். இரண்டும் தேய்ந்தபின் வேகம் மட்டுமே மிஞ்சியது.

அதை அலாரமாக வைத்தது சேதத்தை விரைவுபடுத்தியது. தூக்கத்திலிருந்து வெளியே வரும்போது மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே நொடியில் விழித்துக்கொள்வதில்லை. விழித்த பிறகும் சிறிது நேரம் நீடிக்கும் அந்த மந்தநிலை பொதுவாகக் கால் மணி முதல் அரை மணி நேரம் வரையும், தூக்கம் போதாதபோதோ ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே எழுப்பப்படும்போதோ ஒரு மணி நேரமும் அதற்கு மேலும்கூட இருக்கும். அந்த நேரத்தில் காதில் விழும் முதல் ஒலி, அது எவ்வளவு அருமையான இசையாக இருந்தாலும், ‘எழுந்திரு’ என்னும் கட்டளையாகவே பதிகிறது. நாள்தோறும் ஒரே பாட்டும் அந்த இதமற்ற உணர்வும் சேர்ந்தே வந்தால், சில வாரங்களில் பாட்டின் முதல் நான்கு தட்டுகளே அந்த உணர்வைக் கிளப்பப் போதுமானவையாகிவிடும். நண்பகலில் வேறோர் இடத்தில் அதே முன்னிசை கேட்டாலும் உங்கள் கை ஸ்நூஸ் பொத்தானைத் தேடுமானால் அது இந்தப் பிணைப்பின் வேலைதான். மனத்துக்கு நெருக்கமான பாட்டை ஒருபோதும் அலாரமாக வைக்காதீர்கள் என்பதை என்னிடம் வரும் எல்லோரிடமும் நான் வற்புறுத்திச் சொல்வதுண்டு. நல்ல பாட்டு ஒன்றை இழப்பது சிறிய இழப்பு அல்ல. உங்கள் பாட்டைப் பொறுத்தவரை இன்னும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. சில மாதங்கள் அதைக் கேட்காமல் விட்டுவைத்து, பிறகு மாலை வேளையில், மனம் நன்றாக இருக்கும்போது கேளுங்கள். புதிய பிணைப்பு உருவாக உருவாகப் பழையது வலுவிழக்கும்.

அப்படியானால் அலாரத்துக்கு எதை வைப்பது என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்ஃபார்லேன் குழுவினர் 50 பேரிடம் விவரம் திரட்டி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், முணுமுணுக்கத்தக்க மெட்டுள்ள ஒலியைக் கேட்டு எழுந்தவர்கள் மந்தநிலை குறைவாக இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். சிறிய ஆய்வு, பங்கேற்றவர்கள் தாங்களே சொன்னதை வைத்து நடத்தப்பட்டது. ஆகவே இதை முடிந்த முடிவாக நான் முன்வைக்கவில்லை. என்றாலும், முயன்று பார்ப்பதில் தீங்கு எதுவும் இல்லை. உங்களுக்கு எந்தப் பற்றும் இல்லாத, நினைவு எதுவும் ஒட்டியிராத, எளிய மெட்டு ஒன்று போதும். மெல்லத் தொடங்கிப் படிப்படியாக ஒலி கூடும் வசதி உங்கள் கைபேசியில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அலாரத்தின் வேலை எழுப்புவது மட்டுமே. மனநிலையை மாற்றும் பொறுப்பை அதன் தலையில் கட்டக் கூடாது.

இனி முதன்மையான செய்திக்கு வருகிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய ஐரா ஆல்ட்ஷுலர், நோயாளிகளுக்கு இசையைக் கேட்கச் செய்து பெற்ற அனுபவத்திலிருந்து 1940-களில் ஒரு முறையை வகுத்தார். சோர்ந்திருப்பவரிடம் எடுத்த எடுப்பிலேயே களிப்பான இசையைக் கொண்டுபோனால் அவர் அதை ஏற்பதில்லை. அவருடைய அப்போதைய மனநிலைக்கும் உடலின் வேகத்துக்கும் பொருந்தும் இசையில் தொடங்கி, அவர் அதனோடு ஒன்றிய பிறகு, விரும்பும் திசையில் சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும் என்பது அவர் கண்டது. ஐசோ கோட்பாடு என்று இன்றும் இசைச் சிகிச்சையாளர்கள் இதனைக் குறிப்பிடுகிறார்கள், நடைமுறையில் கையாளுகிறார்கள். துயரத்தில் இருப்பவரிடம் “சிரி, எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்பவரைவிட, அருகில் உட்கார்ந்து சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு மெல்லப் பேச்சுக் கொடுப்பவர் ஏன் ஆறுதல் தருகிறார் என்பது உங்களுக்குத் தெரியும்; இசையிலும் அதே ஒழுங்குதான் வேண்டும்.

இதை உங்கள் காலைக்கு எப்படிப் பொருத்துவது என்று சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பயன் முழுவதும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. முதலில் உங்களிடமுள்ள பாட்டுகளின் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. பாட்டைக் கேட்டுக்கொண்டே, உங்கள் கால் தானாகத் தட்டும் தாளத்தைப் பதினைந்து விநாடிகள் எண்ணி, அதை நான்கால் பெருக்குங்கள். பதினைந்து விநாடியில் 16 தட்டுகள் வந்தால் நிமிடத்துக்கு 64. 22 வந்தால் 88. 28 வந்தால் 112. ஓய்வாக இருக்கும் பெரியவர்களின் இதயத் துடிப்பு பெரும்பாலும் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கும். எழுந்த சற்று நேரத்தில் அது அந்த வரம்பின் கீழ்ப்பகுதியில்தான் இருக்கும் என்பதால், உங்கள் தொடக்க இசை 60-க்கும் 70-க்கும் இடைப்பட்டதாக இருக்கட்டும். தாளக்கட்டே இல்லாத ஆலாபனை போன்ற இசையும் நல்லது. இந்த முதல் இசையில் சொற்கள் இல்லாமலிருப்பதை நான் விரும்புவேன். மந்தமாக இருக்கும் மூளைக்குப் பாட்டின் வரிகளைப் பின்தொடர்வதும் ஒரு வேலைதான், அதிலும் வரிகள் “எழு, ஓடு, வெல்” என்று கட்டளையிட்டால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவதாக வருவது 80 முதல் 90 தட்டுகள் உள்ள, குரலோடு கூடிய, வெளிச்சமான பாட்டாக இருக்கலாம். மூன்றாவது நூறையொட்டி. நான்காவதாக, நீங்கள் உடை மாற்றிக்கொண்டோ பையை எடுத்து வைத்துக்கொண்டோ நடமாடும் நேரத்தில், 110 முதல் 120 வரை உள்ள பாட்டு. நடக்கும்போது நம் கால்கள் இயல்பாக எடுத்து வைக்கும் அடிகள் ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் அமைகின்றன. அதனால்தான் இந்த வேகத்துப் பாட்டுகள் உடலை அசையத் தூண்டுகின்றன. அசைவு வந்த பிறகு வேகமான பாட்டு எரிச்சலூட்டுவதில்லை, துணைக்கு வருகிறது. படுக்கையில் கிடக்கும்போது உங்களைச் சீண்டிய அதே வகைப் பாட்டை, நின்று நடமாடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் முணுமுணுக்கத் தொடங்கலாம். முடிந்தால் உரக்கவே பாடுங்கள். பாடும்போது மூச்சு நீள்கிறது, முதுகு நிமிர்கிறது. வெறுமனே கேட்பதால் மட்டும் இவை கிடைப்பதில்லை.

எல்லாம் சேர்ந்து பதினைந்து அல்லது இருபது நிமிடங்கள் போதும். அதற்கு மேல் இசை பின்னணிச் சத்தமாகத் தேய்ந்துவிடும். நடுவில் ஓரிரு நிமிட அமைதி விழுந்தால் அதை இசையால் நிரப்ப முயல வேண்டாம். மேலே சொன்ன பெர்னார்டியின் ஆய்விலேயே, இசைகளுக்கு நடுவே விடப்பட்ட இரண்டு நிமிட இடைவெளியில் மூச்சும் துடிப்பும் இரத்த அழுத்தமும் தொடக்க நிலையைவிடக் கீழே இறங்கியிருந்தன. அமைதியும் இந்த வரிசையின் ஓர் உறுப்புதான்.

பட்டியலை முந்தைய இரவே ஒழுங்குபடுத்தி வையுங்கள். காலையில் படுக்கையில் கிடந்தபடி பாட்டைத் தேடத் தொடங்கினால் செய்திகளும் குறுந்தகவல்களும் முந்திக்கொள்ளும். ஷஃபிள் வசதியை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் இங்கே வரிசைதான் மருந்து. வாரத்துக்கு ஒரு முறை ஓரிரு பாட்டுகளை மாற்றுங்கள். முதல் இசையை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, அதை நாளின் ஏதேனும் ஓர் இதமான செயலோடு, எடுத்துக்காட்டாகச் சன்னலைத் திறந்து வெளிச்சத்தில் சற்று நிற்பதோடு, இணைத்துவிடுங்கள். உங்கள் அலாரப் பாட்டைக் கெடுத்த அதே பிணைப்பு இங்கே உங்களுக்காக வேலை செய்யும்.

“மகிழ்ச்சி வந்துவிட்டதா” என்று பாட்டின் நடுவே கேட்டுக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என் கவனத்தை மிகவும் ஈர்த்தது இந்த வரிதான். ஜொனாதன் ஸ்கூலர், டேன் ஏரியலி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இசை கேட்டவர்களுள் சிலரிடம் மகிழ்ச்சியாக உணர முயலும்படியும், எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்று கவனித்துக்கொண்டே இருக்கும்படியும் சொல்லப்பட்டது. இப்படி முயன்றவர்களும் கண்காணித்தவர்களும், எதுவும் சொல்லப்படாமல் வெறுமனே கேட்டவர்களைவிடக் குறைவாகவே மகிழ்ந்தார்கள். பத்தாண்டுகள் கழித்து, 2013-இல், யூனா ஃபெர்குசனும் கென்னன் ஷெல்டனும் வேறு வகையான முடிவைக் கண்டார்கள்: களிப்பான இசையைக் கேட்டபடி மகிழ்ச்சியாக உணர வேண்டும் என்று எண்ணங்கொண்டவர்களுக்கு மனநிலை உண்மையாகவே உயர்ந்தது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. முதல் ஆய்வில் கேட்கச் செய்தது ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் முரட்டு இசை. அதிலிருந்து மகிழ்ச்சியைப் பிழிந்தெடுக்கச் சொன்னார்கள். அதோடு, மனத்தில் நல்லெண்ணத்தோடு இசைக்கு இடங்கொடுப்பது வேறு, நொடிக்கு நொடி அதன் பலனை அளந்துகொண்டிருப்பது வேறு. அளப்பவர் பாட்டுக்கு வெளியே நிற்கிறார். பாட்டைப் போடும்போது “இன்றைக்கு நன்றாக இருக்கட்டும்” என்று ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு கவனத்தை இசையின் ஏதாவது ஓர் இழையில் வையுங்கள். மெட்டுக்கு அடியில் ஓடும் பேஸ் கித்தாரையோ, குரல் ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்கு மூச்சு வாங்கும் இடத்தையோ பின்தொடருங்கள். பலன் இருக்கிறதா என்று பார்ப்பதை வார இறுதிக்கு ஒத்திவையுங்கள்.

சோகப் பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அது பொதுவாகக் கெடுதல் அல்ல. லீலா தருஃபியும் ஸ்டெஃபான் கோல்ஷும் 772 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சோக இசை தங்களிடம் எழுப்புவதாக மிகுதியானோர் குறிப்பிட்ட உணர்வு துயரம் அல்ல, கடந்தகால ஏக்கம். பலருக்கு அது ஆறுதலாகவே அமைகிறது, ஐசோ கோட்பாட்டின்படி தொடக்கப் பாட்டாகவும் பொருந்துகிறது. ஆனால் எல்லோருக்கும் அப்படியல்ல. ஒரே கவலையை மனத்துக்குள் திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருக்கும் இயல்புடையவர்கள் சோகப் பாட்டைக் கேட்டபின் முன்பைவிடச் சோர்ந்துபோவதை சான்ட்ரா கேரிடோ, எமரி ஷூபர்ட் ஆகியோரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீங்கள் எந்த வகை என்பதை ஒன்றை வைத்து அறியலாம். பாட்டு முடிந்ததும் மனம் சற்றுத் தளர்ந்து அடுத்த வேலைக்குத் திரும்புகிறதா, அல்லது அதே பாட்டை மறுபடி மறுபடி போடச் சொல்கிறதா? முதலாவது என்றால் ஒரு பாட்டோடு நிறுத்திக்கொண்டு வரிசையில் மேலே செல்லுங்கள். இரண்டாவது என்றால் காலையில் அதைத் தவிர்த்துவிட்டு, சொற்களற்ற மெல்லிய இசையில் தொடங்குங்கள்.

இங்கே உங்களிடம் நேராகவே ஒன்றைச் சொல்ல வேண்டும். காரணம் தெரியாத கனம் நாள்தோறும் காலையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை காலமாக என்று எழுதவில்லை. அது இரண்டு வாரங்களுக்கு மேலாக ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி நேரமும் நீடித்தாலோ, முன்பு பிடித்தவை எவையும் இப்போது பிடிக்காமல் போயிருந்தாலோ, வழக்கமான நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே விழிப்பு வந்து, காலையில் மிக மோசமாகவும் மாலையில் சற்றுத் தேவலையாகவும் இருந்தாலோ, தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். இவை மனச்சோர்வு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம், அது குணப்படுத்தத்தக்கது. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, உறக்கத்தில் மூச்சு தடைபடுதல் போன்ற உடற்கோளாறுகளும் இதே கனத்தைத் தரக்கூடியவை. எளிய பரிசோதனைகளில் அவை தெரிந்துவிடும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் காத்திருக்காமல் அன்றைக்கே ஒருவரிடம் பேசுங்கள். மனச்சோர்வுக்கான வழக்கமான சிகிச்சையோடு, பயிற்சி பெற்றவர் அளிக்கும் இசைச் சிகிச்சையையும் சேர்த்தால் குறுகிய காலத்தில் கூடுதல் நன்மை கிடைப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. அங்கும்கூட இசை துணைதான், மாற்று அல்ல. இரவில் உறக்கம் போதவில்லை என்றாலும் இதுவே என் நிலைப்பாடு: ஐந்து மணி நேரத் தூக்கத்தின் குறையை எந்தப் பிளேலிஸ்ட்டும் ஈடுசெய்யாது.

கடைசியாக, உங்கள் கணவர். காலையில் அமைதி வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம் அல்ல. அவருடைய உடல் மெதுவாக விழித்துக்கொள்ளும் வகையாக இருக்கலாம், அதற்கு உங்கள் இசைக்குள்ள அதே மதிப்பைக் கொடுங்கள். முதல் இரண்டு பாட்டுகளை ஹெட்போனில் நீங்கள் மட்டும் கேட்டுவிட்டு, அவரும் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, அவருக்கும் பிடித்த ஒன்றை அவரைக் கேட்டுக்கொண்டு வெளியே ஒலிக்கவிடலாம். அவர் வேண்டாம் என்று சொல்லும் நாளில் முழுவதையும் ஹெட்போனிலேயே கேளுங்கள். ஹெட்போன் என்றதும் ஒலியளவில் கவனம் வேண்டும்: பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள பாதுகாப்பான வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. விழித்தெழும் வேளையில் காதுக்கு அவ்வளவு ஒலி தேவையே இல்லை என்பதால், பக்கத்தில் ஒருவர் இயல்பாகப் பேசினால் காதில் விழும் அளவுக்கே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரங்கள் இப்படிச் செய்து பார்த்துவிட்டு, எந்தப் பாட்டு எந்த இடத்தில் பொருந்தியது, எது பொருந்தவில்லை என்று எழுதுங்கள். வரிசையை எப்படி மாற்றலாம் என்று அதைக் கொண்டு சொல்கிறேன்.